அழகுச் சிகிச்சை: கேள்விகள் சரி, விடைகள்?

சென்ற பருவத்தின் கடைசிச் செய்முறை வகுப்பு முடிந்து, நிறமாலைமானிகளைத் துணியால் மூடிக்கொண்டிருந்தேன். இறுதியாண்டு மாணவி ஒருத்தி மட்டும் வெளியே போகாமல் நின்றாள். கையில் ஒரு வார இதழிலிருந்து கத்தரித்த கேள்வி-பதில் துண்டு. “சார், லேசர்னா நீங்க நடத்தினதுதானே? இதுல பாதுகாப்பானதுன்னு போட்டிருக்கு. நிஜமாவே அப்படியா சார்?” என்று கேட்டாள்.

துண்டை வாங்கிப் படித்தேன். முகத்தில் முளைக்கும் வேண்டாத முடியை லேசரால் நீக்கலாமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நவீன லேசர் சிகிச்சை முற்றிலும் பாதுகாப்பானது, பக்க விளைவு கிடையாது, நிரந்தரத் தீர்வு தரும், நல்ல மையம் ஒன்றை அணுகுங்கள் என்பது விடை.

மாணவி துப்பட்டாவை விலக்கித் தாடையோரத்தைக் காட்டினாள். மூன்று பழுப்புக் கறைகள், நாணயங்களை வரிசையாக வைத்தாற்போல, ஒரே அளவில் இருந்தன. முதல் ‘சிட்டிங்’ முடிந்து மூன்று வாரம் ஆகிறதாம். ஆறு சிட்டிங்குக்கும் சேர்த்து அம்மா முன்னதாகவே பணம் கட்டிவிட்டார். இரண்டாவதற்குப் போவதா, வேண்டாமா என்பதுதான் அவளுடைய உண்மையான கேள்வி. “என்ன அலைநீளம்னு சொன்னாங்களாம்மா?” என்றேன். யாரும் சொல்லவில்லை, கேட்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை.

நான் மருத்துவன் அல்லேன், இயற்பியல் கற்பிப்பவன். ஆயினும் அந்தத் துண்டு மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் கல்லூரி நூலகத்தில் கட்டி வைத்திருந்த வார, மாத இதழ்களில் ஓராண்டுக்கு உரியவற்றை எடுத்து, அழகு அறுவை, சருமப் பராமரிப்பு ஆகியவை பற்றிய கேள்வி-பதில்களை மட்டும் வரிசையாகப் படித்தேன். அவற்றைப் பற்றிய என் மதிப்பீடே இக்கட்டுரை.

கேள்விகளின் தரம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கேள்விகள் நன்றாக இருக்கின்றன. அழகைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களை எள்ளி நகையாடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த எண்ணத்தோடு படிக்கத் தொடங்கிய எனக்கு வெட்கமாகிவிட்டது. “இந்தக் களிம்பை எத்தனை நாள் பூசலாம்?” “வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்தால் மறுபடி சேருமா?” “தழும்பு எத்தனை மாதத்தில் மறையும்?” “எனக்குக் கறுத்த தோல், இந்தச் சிகிச்சை ஒத்துக்கொள்ளுமா?” “தவறிப்போனால் பழையபடி ஆக்க முடியுமா?” என்பன போன்றவையே பெரும்பாலானவை.

உற்றுப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஓர் அளவைக் கேட்கிறது. எவ்வளவு, எத்தனை நாள், எந்த ஆழம், எத்தனை பேரில் ஒருவருக்கு, என்னைப் போன்ற தோலுக்கு எப்படி என்றே அவர்கள் கேட்கிறார்கள். சோதனைச்சாலையில் என் மாணவர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் இத்தகைய கேள்விகளையே.

விடைகளிலோ அளவு இல்லை. மாறாக நான்கு சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: பாதுகாப்பானது, பக்க விளைவு அற்றது, இயற்கையானது, நிரந்தரமானது. எண்ணோ அலகோ இல்லாத விடைக்கு என் செய்முறை ஏட்டில் மதிப்பெண் கிடையாது. மாணவன் ஏட்டில் அலகு விடுபட்டால் ஒரு மதிப்பெண் போகும். இங்கே ஒருத்தியின் முகத்தோல் போகிறது.

லேசர் என்பது ஒரு பொருளா?

மாணவியின் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். லேசர் பாதுகாப்பானதா என்று கேட்பது, நெருப்பு பாதுகாப்பானதா என்று கேட்பதைப் போன்றது. எந்த நெருப்பு, எவ்வளவு தொலைவில், எவ்வளவு நேரம் என்று தெரியாமல் யாரும் விடை சொல்ல முடியாது.

முடியை நீக்கும் லேசரின் அடிப்படைத் தத்துவத்தை 1983 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்களான ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் ஆகிய இருவரும் வெளியிட்டனர். சுற்றியுள்ள தசையைச் சுடாமல், குறிப்பிட்ட நிறமுள்ள இலக்கை மட்டும் ஒளியால் சூடேற்ற முடியும் என்பதே அது. முடியில் மெலனின் என்னும் கருநிறமி உள்ளது. அது ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூடு முடியின் வேர்ப்பகுதியை அழிக்கிறது.

இதில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. மெலனின் முடியில் மட்டுமா இருக்கிறது? நம் மேல்தோலிலும் இருக்கிறது. முடிவேர் சில மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ளது. மேல்தோலோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன் உடையதாய் வாசலிலேயே நிற்கிறது. வெள்ளைத் தோலில் ஒளி வாசலைத் தாண்டி உள்ளே போய்விடும். நம் தோலில் வாசல்காரனே பெரும்பங்கை வாங்கிக்கொண்டு வெந்துபோவான்.

வெயிலுக்குத் தோல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதைக் கொண்டு மனிதத் தோலை வகைப்படுத்தும் முறையைத் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்னும் அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975 இல் வகுத்தார். புற ஊதாக் கதிர்ச் சிகிச்சையின் அளவை முடிவு செய்வதற்காக எழுந்தது அது. முதலில் அதில் 4 வகைகளே இருந்தன. பழுப்பு, கறுப்புத் தோல்களுக்கான 5, 6 ஆம் வகைகள் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. தமிழர்களில் மிகப் பலர் 4 முதல் 6 வரை உள்ள வகைகளில் அடங்குவர். ஆகவே 2 ஆம் வகைத் தோலில் பாதுகாப்பாக இருந்தது என்ற செய்தியால் நமக்குப் பயன் அதிகமில்லை.

இனி அலைநீளத்துக்கு வருவோம். இப்பணிக்கு 755 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலெக்ஸாண்ட்ரைட் லேசரும், 800 ஐ ஒட்டிய டயோடு லேசரும், 1064 உள்ள என்.டி.யாக் லேசரும் பயன்படுகின்றன. அலைநீளம் கூடக் கூட மெலனின் உறிஞ்சும் ஒளி குறைகிறது; ஒளி ஆழமாகவும் செல்கிறது. எனவே கறுத்த தோலுக்கு 1064 பாதுகாப்பு மிக்கது. 755 இல் மேல்தோல் சுடும் வாய்ப்பு அதிகம். டயோடு கருவியிலும் நம் தோலுக்கு ஆற்றலைக் குறைத்து, துடிப்பின் நேரத்தை நீட்டியாக வேண்டும். பேச்சுவழக்கில் லேசர் என்றே சொல்லப்படும் ஐ.பி.எல். கருவி உண்மையில் லேசரே அன்று. அகன்ற அலைநீள வரம்பில் ஒளியைப் பாய்ச்சும் ஒரு மின்னொளி விளக்கு அது.

துடிப்பின் நேரம் ஏன் முக்கியம்? வீட்டுச் சமையலறையில் விடை இருக்கிறது. கல்லிலிருந்து எடுத்த தோசை சடுதியில் ஆறிவிடும். தட்டிலிருந்து எடுத்த இட்லி நெடுநேரம் சூடாக இருக்கும். தடிமன் இரண்டு மடங்கானால் ஆறும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். மெல்லிய மேல்தோல் சில மில்லி வினாடிகளில் ஆறிவிடும். தடித்த முடிவேர் ஆறப் பல பத்து மில்லி வினாடிகள் ஆகும். ஒளியைச் சற்று நீட்டிப் பாய்ச்சி, கூடவே மேல்தோலைக் குளிர்வித்தால், தோசை ஆறிக்கொண்டே இருக்க, இட்லி மட்டும் வேகும். துடிப்பைக் குறுக்கி, குளிர்விப்பையும் விட்டுவிட்டால் இரண்டும் வேகும்.

மாணவியின் தாடையில் இருந்த மூன்று நாணயங்களும் கருவிக் கைப்பிடியின் முனையளவில் இருந்தன. நம் தோலில் அழற்சி ஏற்பட்டால் அந்த இடம் கறுத்துவிடுவது இயல்பு. அது மறைய மாதங்கள் ஆகும். ஆழமாகச் சுட்டிருந்தால் நிரந்தரமாக வெளுத்துப்போகவோ தழும்பு விழவோ கூடும். சிலருக்கு, குறிப்பாக ஹார்மோன் கோளாறுள்ள பெண்களுக்கு, முகத்தில் லேசர் பட்ட இடத்தின் ஓரத்தில் முடி முன்னைவிட அதிகமாக வளர்வதும் உண்டு. இவற்றில் ஒன்றுகூட அந்த விடையில் இல்லை. ‘நிரந்தரத் தீர்வு’ என்ற சொல்லும் சரியன்று. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இக்கருவிகள் பலவற்றுக்கு அனுமதிக்கும் சொல் ‘நிரந்தரக் குறைப்பு’ என்பதே. குறைப்பு வேறு, நீக்கம் வேறு.

பக்க விளைவு அற்ற களிம்பு

அடுத்து, சிவப்பழகுக் களிம்புகள் பற்றிய விடைகள். ‘மூலிகையால் ஆனது, எனவே பயமில்லை’ என்பது அடிக்கடி வரும் வாக்கியம். மூலிகை என்று உறையில் எழுதியிருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் தொடர்பு இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரகத்தின் வடிசவ்வு பழுதுபட்டுப் புரதம் சிறுநீரில் ஒழுகும் ஒரு வகை நோயோடு 22 பேர் வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தனர். அவர்களில் 15 பேரிடம் அரிதான ஓர் அடையாளப் புரதம் காணப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள். களிம்பில் இருந்த பாதரசமே காரணம் என்று ஆய்வு சுட்டியது.

பாதரசம் தோலை வெளுக்கச் செய்வது எப்படி? மெலனினை உண்டாக்கும் நொதி ஒன்றில் செம்பு இருக்கிறது. பாதரசம் அந்நொதியின் வேலையைத் தடுக்கிறது. முகத்தில் பூசியது தோல்வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் தங்குகிறது. ஆகவே வெளுப்பது ஓரிடம், கெடுவது வேறோரிடம். கண்ணாடியில் முகத்தை மட்டும் பார்ப்பவருக்குப் பக்க விளைவு தெரியாது. அழகுப்பொருள்கள் உள்ளிட்ட பலவற்றில் பாதரசத்தை ஒழிக்க 2013 ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை ஏற்பட்டது. நம் நாட்டின் 2020 ஆம் ஆண்டு விதிகளும் கண்ணைச் சுற்றிப் பூசுபவை தவிர்த்த பொருள்களில், தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக்கூடாது என்கின்றன. ஆனால் தயாரித்தவர் பெயரும் முகவரியும் இல்லாத டப்பாவில் விதி எங்கே இருக்கும்?

ஸ்டீராய்டு கலந்த களிம்புகளின் கதையும் இத்தகையதே. சில தோல் அழற்சிகளுக்குச் சில நாள் பூச வேண்டியதை வெளுப்புக்காக மாதக்கணக்கில் பூசுகிறார்கள். தோல் மெலிந்து இரத்த நாளங்கள் தெரியத் தொடங்கும்; நிறுத்தினால் முகம் சிவந்து எரியும்; எரிச்சலுக்குப் பயந்து மறுபடியும் அதையே பூசுவார்கள். இத்தகைய 14 ஸ்டீராய்டுகளின் பூச்சுகளை 2018 இல் மத்திய அரசு மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. “எத்தனை நாள் பூசலாம்?” என்ற கேள்விக்கு ஒரு முழு எண்ணே விடை. ‘தொடர்ந்து பூசி வரவும்’ என்பது விடையாகாது.

வெயில் தடுப்புக் களிம்புக்கு மட்டும் விடைகளில் எண் வருகிறது: “எஸ்.பி.எஃப். 30 வாங்குங்கள்.” மகிழ்ச்சி. ஆனால் அந்த எண் எப்படிப் பிறந்தது? ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் 2 மில்லிகிராம் பூசிச் சோதித்து வந்த எண் அது. முகமும் கழுத்தும் சேர்ந்து 600 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒரு முறைக்கு 1.2 கிராம் வேண்டும். நாளுக்கு ஒரு முறையென்றாலும் 50 கிராம் குழாய் 41 நாளில் தீர்ந்துவிட வேண்டும். அதை ஆறு மாதம் வைத்துப் பூசுகிறவர் கால்பங்குக்கும் குறைவாகவே பூசுகிறார். குழாயில் அச்சிட்ட 30 அவருக்குக் கிடைக்காது. இந்தக் கணக்கைச் சொல்ல இரண்டு வரி போதும். நான் படித்த எந்த விடையிலும் அது இல்லை.

எண்ணினால் என்ன நடக்கும்?

“எண்களைச் சொன்னால் மக்கள் பயந்துவிடுவார்கள்” என்று ஒரு மருத்துவ நண்பர் என்னிடம் சொன்னார். எண்ணுவது பயமுறுத்துவதற்காக அல்ல, பிழையைத் திருத்துவதற்காக.

கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை பற்றி அமெரிக்காவில் அறுவை மருத்துவர்களிடம் நடத்திய ஒரு கணக்கெடுப்பு 2000 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 4,96,245 அறுவைகளில் 95 இறப்புகள். அதாவது 5,224 பேருக்கு ஒருவர். நுரையீரல் நாளம் அடைபட்டதே அவற்றில் முதன்மையான காரணம். இது பழைய கணக்கு. முறைகள் பிறகு மாறியுள்ளன. ஆனாலும் இப்படி ஓர் எண் இருந்ததால்தான் எதை மாற்ற வேண்டும் என்பது தெரிந்தது.

இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு, உடலின் ஓரிடத்துக் கொழுப்பை எடுத்துப் பிட்டத்தில் ஏற்றும் அறுவை. 2017 ஆம் ஆண்டில் வந்த ஆய்வையொட்டி, இதில் 3,000 பேருக்கு ஒருவர் வரை இறக்கக்கூடும் என்று அத்துறைச் சங்கங்களே அறிவித்தன. தசைக்குள் செலுத்திய கொழுப்பு, அங்குள்ள பெரிய சிரைகளில் புகுந்து நுரையீரலை அடைந்ததே காரணம். தசைக்குள் செலுத்தாதீர்கள், தோலுக்கடியிலேயே நிறுத்துங்கள் என்று விதி வகுத்தார்கள். 2020 இல் வெளியான அடுத்த கணக்கெடுப்பில் ஏறத்தாழ 15,000 பேருக்கு ஒருவர் என்று குறைந்திருந்தது. முதல் எண்ணை மறைத்திருந்தால் இரண்டாவது எண் பிறந்தே இருக்காது.

இங்கே ஒன்றை மறக்கக்கூடாது. குடல்வால் வெடிக்கும் நிலையில் உள்ளவர் அறுவையின் ஆபத்தை, அறுவை செய்யாவிடில் வரும் ஆபத்தோடு ஒப்பிடுகிறார். அழகுக்காகப் படுப்பவரோ பெரும்பாலும் நல்ல உடல்நலத்தோடு உள்ளே நடந்து வருகிறவர். அறுவை செய்யாவிட்டால் அவர் உயிருக்கு ஒன்றும் ஆகாது. தராசின் மறு தட்டில் ஏறத்தாழ ஒன்றும் இல்லாதபோது, இந்தத் தட்டில் வைப்பது சிறிய எடையானாலும் அதைச் சொல்லியாக வேண்டும்.

நல்ல விடைக்கு ஒரு முன்மாதிரி

குறை கூறுவது எளிது. நல்ல விடை எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டாமா? சிலிக்கோன் மார்பகப் பொதிகளின் வரலாற்றில் ஒன்று கிடைக்கிறது. பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம் மருத்துவத் தரமில்லாத, தொழிற்சாலைச் சிலிக்கோனைப் பொதிகளில் நிரப்பியது 2010 இல் வெளிப்பட்டது. உலகெங்கும் சுமார் 3 லட்சம் பெண்கள் அவற்றைச் சுமந்துகொண்டிருந்தனர். நிறுவனர் ஜான்-குளோத் மாஸுக்கு 2013 இல் 4 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இப்பெண்களும் முன்னதாகக் கேட்டிருப்பார்கள். பாதுகாப்பானது என்ற விடையும் பெற்றிருப்பார்கள்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பிற நிறுவனங்களின் பொதிகளிலும் காணப்பட்ட தொல்லைகளைக் கருதி, 2021 அக்டோபரில் ஓர் ஆணை பிறப்பித்தது. பொதி பொருத்துவதற்கு முன், ஆபத்துகளை ஒவ்வொன்றாக விளக்கும் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை நோயாளியிடம் தர வேண்டும். ஒவ்வொரு பகுதியையும் படித்து அவர் சுருக்கொப்பமிட வாய்ப்பளிக்க வேண்டும். மருத்துவரும் கையெழுத்திட வேண்டும். இப்பொதிகள் ஆயுள் முழுதும் நிலைப்பவை அல்ல என்பது எச்சரிக்கையிலேயே பெரிதாக இடம்பெறுகிறது. நோயாளியின் கேள்விகளையே சட்டமாக்கிவிட்டார்கள் எனலாம்.

நம் நாட்டில் தேசிய மருத்துவ ஆணையம் 2022 இல் முடி நடுதல் உள்ளிட்ட அழகுச் சிகிச்சைகளுக்கு நெறிமுறை வெளியிட்டது. பயிற்சி முகாமில் வேடிக்கை பார்ப்பதோ யூடியூப் காணொளி பார்ப்பதோ போதிய பயிற்சி ஆகாது என்று அதில் வெளிப்படையாக எழுத வேண்டியிருந்தது! அப்படி எழுத நேர்ந்ததே நிலைமையைக் காட்டிவிடுகிறது.

நீதியாக ஒன்றையும் சொல்ல வேண்டும். பதில் எழுதும் மருத்துவர்களுக்கு இதழ் ஒதுக்குவது ஐந்தாறு வரிகள். முகத்தைப் பார்க்காமல் எழுத வேண்டியிருக்கிறது. அந்தச் சிறிய இடத்திலும் சிறந்த விடைகள் இல்லாமல் இல்லை. பதினேழு வயது மகளின் மூக்கைத் திருத்தலாமா என்று கேட்ட ஒரு தாய்க்கு, “முக எலும்பின் வளர்ச்சி முடிந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும், மாற்ற விரும்புவது மகளா, நீங்களா என்பதையும் தெரிவியுங்கள்” என்று ஒருவர் எழுதியிருந்தார். மூன்று வரிதான். விடை தெரியாத இடத்தில் சரியான கேள்வியைத் திருப்பிக் கேட்டார். மற்றவர்களும் இதைச் செய்யலாமே?

வாசகர்களே, அத்தகைய விடைகள் வரும்வரை கேள்வியை நீங்களே கூர்மைப்படுத்திக்கொள்ளுங்கள். சிகிச்சைக்குச் செல்லுமுன் கீழ்க்காண்பவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள். விடைகளையும் அங்கேயே எழுதி வாங்குங்கள்.

1. எனக்குச் செய்யப்போவது எது? லேசரானால் அலைநீளம் எவ்வளவு, சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை ஜூல், துடிப்பு எத்தனை மில்லி வினாடி? களிம்பானால் உள்ளிருக்கும் மருந்து எது, எத்தனை நாள்?
2. என் நிறத் தோலில் இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? அவர்களில் எத்தனை பேருக்குக் கறையோ தழும்போ வந்தது?
3. செய்யப்போகிறவர் யார்? அவர் படிப்பும் பதிவு எண்ணும் என்ன?
4. மயக்க மருந்து தருபவர் யார்? மூச்சோ இதயத் துடிப்போ தடைப்பட்டால் இந்த அறையில் என்ன கருவி இருக்கிறது?
5. செய்துகொள்ளாவிட்டால் எனக்கு என்ன ஆகும்?

கடைசிக் கேள்விக்கு ‘ஒன்றும் ஆகாது’ என்ற விடை வந்தால், வீடு திரும்பி ஒரு வாரம் யோசிப்பதில் நட்டமில்லை.

மாணவியும் முதல் கேள்வியை எழுதிக்கொண்டு போனாள். “எல்லாருக்கும் இதே செட்டிங்தாம்மா” என்றார்களாம் அந்த மையத்தில். அலைநீளம் மட்டும் கருவியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டில் இருந்தது. அவளே படித்துக் குறித்துக்கொண்டு வந்தாள்: 755. இரண்டாவது சிட்டிங்குக்கு அவள் உட்காரவில்லை. கட்டிய பணம் திரும்பவில்லை. அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டினார்கள். வெயிலில் மூடிக்கொள்ளச் சொல்லிப் பூச்சு மருந்து தந்தார்கள். இரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் கோளாறு தெரிந்து அதற்கும் வைத்தியம் நடக்கிறது. முடி முளைத்ததன் காரணத்தை அதுவரை யாருமே தேடவில்லை.

இதழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாதுகாப்பானது என்ற சொல் பதிலில் வரும் இடத்திலெல்லாம், யாருக்கு, எவ்வளவுக்கு, எத்தனை பேரில் என்று மருத்துவரிடம் திருப்பிக் கேட்டு, கிடைக்கும் எண்ணையும் சேர்த்து அச்சிடுங்கள். எண் கிடைக்கவில்லை என்றால் அதையும் அப்படியே அச்சிடுங்கள். வாசகிக்குப் பயன்படும் செய்தி அதுவும்தான்.